குண்டாறு ஏன் ஆழம் வெட்டவில்லை?

வருசநாடு, ஆண்டிபட்டி மலைகளின் கிழக்குச் சரிவில் பிறந்து, திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியே மன்னார் வளைகுடாவை அடையும் குண்டாறு, தன் போக்கில் எந்த ஊரருகிலும் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே இறங்கி ஓடுவதில்லை. சுந்தரர் பாடிய திருச்சுழிக் கோயிலையும், பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டுகளைக் கொண்ட பள்ளிமடம் கோயிலையும் அடுத்து ஓடும் அந்த ஆறு, அகன்று, ஆழமின்றி, மணல் பரந்து கிடக்கிறது. ஒகேனக்கல்லில் காவிரியும், ஆந்திரத்தின் கண்டிக்கோட்டாவில் வடபெண்ணையும் கடும் பாறையையே அறுத்துக்கொண்டு ஆழ்பள்ளத்தாக்கில் ஓடும்போது, அவற்றைவிட மென்மையான தரையில் ஓடும் குண்டாறு ஏன் அப்படி இறங்கவில்லை என்ற கேள்விக்கு, மழை குறைவு என்பது பாதி விடைதான். மீதி விடையைத் தேட, ஆறு பாறையை எவ்வாறு வெட்டுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தெளிந்த நீருக்குக் கடும் பாறையைத் தேய்க்கும் வலு மிகக் குறைவு. அது சுமந்து வரும் மணலும் கூழாங்கல்லுமே வெட்டுங்கருவிகள். வெள்ளத்தில் உருண்டு வரும் கற்கள் படுகையை ஓயாமல் உராய்வதை உராய்வரிப்பு என்றும், பாறையின் இயற்கையான பிளவுகளுக்குள் நீர் அழுத்தத்துடன் புகுந்து துண்டு துண்டாகப் பெயர்த்தெடுப்பதைப் பெயர்ப்பரிப்பு என்றும் புவியியலாளர் பிரித்துக் கூறுவர். சுழலில் சிக்கிய கற்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றித் தேய்க்கும்போது பாறையில் வட்டக் குழிகள் உண்டாகின்றன. ஒகேனக்கல்லில் நீர் வற்றிய காலத்தில் பாறைகளின்மீது நடப்பவர்கள் அத்தகைய குழிகளைக் காணலாம். அருவி விழும் இடத்தில் இந்த வேலை பன்மடங்காகிறது. குண்டாற்றுச் சீமையிலுள்ள அருப்புக்கோட்டைக்காரர்கள் சாரல் காலத்தில் நாடிச் செல்லும் குற்றாலப் பேரருவியில், மேலிருந்து வரும் நீர் நேரே தரையில் விழாமல் பொங்குமாகடல் என்னும் ஆழமான பாறைக்குழியில் விழுந்து, வேகம் தணிந்த பின்னரே கீழே இறங்குவதால்தான் அங்கே மனிதர் நின்று குளிக்க முடிகிறது.

அருவி ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. விழும் நீர் அடிப்பாறையைக் குடைய, மேற்பாறை தாங்கலின்றி இடிந்து விழ, அருவியின் விளிம்பு ஆற்றின் மேற்புறம் நோக்கிப் பின்வாங்குகிறது. அது கடந்து வந்த பாதையே குறுகலான பள்ளத்தாக்காக எஞ்சுகிறது. வட அமெரிக்காவின் நயாகரா அருவி ஏறத்தாழ 12,000 ஆண்டுகளில் 11 கிலோமீட்டர் பின்வாங்கி, தனக்குக் கீழே ஒரு நீண்ட பள்ளத்தாக்கை விட்டிருக்கிறது. ஆனால் ஆறு வெட்டுவது பெரும்பாலும் ஆழத்தையே. அகலத்தைத் தருபவை வெயில், மழை, சிற்றோடை, பாறைச் சரிவு ஆகியவை. கண்டிக்கோட்டாவின் குவார்ட்சைட் பாறை எளிதில் சிதையாததால் அங்கே சுவர்கள் செங்குத்தாக நிற்கின்றன. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் வலிய அடுக்கும் மெலிந்த அடுக்கும் மாறி மாறி அமைந்திருப்பதால், மெலிந்தவை சரிந்து, வலியவை படிகளாக நின்று, பள்ளத்தாக்கு சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிட்டது.

அந்தப் பள்ளத்தாக்கின் வழியே 1869இல் படகில் சென்ற ஜான் வெஸ்லி பவல், பின்னர் 1875இல் வெளியிட்ட நூலில் அடிமட்டம் என்ற கருத்தை முன்வைத்தார். எந்த ஆறும் தான் சென்று சேரும் நீர்நிலையின் மட்டத்துக்குக் கீழே தன் படுகையை வெட்ட இயலாது. கடல் இறுதி அடிமட்டம் என்றால், இடையில் குறுக்கிடும் ஏரியும் கடும் பாறைத் திட்டும் தற்காலிக அடிமட்டங்கள். ஆறு நிற்கும் உயரத்துக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரிதோ, அவ்வளவு ஆழம் வெட்டும் வாய்ப்பு அதற்கு உண்டு. கொலராடோ பீடபூமியைப் புவியின் உள்ளசைவுகள் உயரத் தூக்கியதாலேயே, அதன்மீது ஓடிய கொலராடோ ஆற்றுக்கு 1,800 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்ட முடிந்தது. சில பகுதிகள் இன்னும் பழையவை என்று வாதிடுவோர் இருந்தாலும், வெட்டும் வேலையின் பெரும்பகுதி கடந்த 50 அல்லது 60 லட்சம் ஆண்டுகளில் நடந்தது என்பதே பரவலான கருத்து. அவ்வாறு பார்த்தால் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 0.3 மில்லிமீட்டர்தான் அந்த ஆறு இறங்கியிருக்கிறது.

குண்டாற்றுச் சீமைக்குத் திரும்பினால், அருப்புக்கோட்டை கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கும் சற்றுக் குறைவான உயரத்தில், கடலிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர்கூடச் சரிவில்லாத இந்தத் தரையில், ஆண்டின் பெரும்பகுதி வறண்டு, ஐப்பசி கார்த்திகை மழையில் மட்டும் பெருகும் ஆற்றுக்குக் கல்லை உருட்டும் வேகம் ஏது? சுமந்து வந்த மணலையே அது வழியெங்கும் இறக்கிவைத்துவிட்டுப் போகிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அக்காலத்தில் இன்றைய கரையோரக் கடலின் பெரும்பரப்பு வறண்ட நிலமாகவே கிடந்தது. கடல் தாழ்ந்ததோடு தொலைவும் கூடியதால், ஆழம் குறைந்த அந்தப் பரப்பின்மீது தென்கிழக்குத் தமிழகத்தின் ஆறுகள் நீண்டு ஓடினவே தவிர, அவற்றுக்குப் பெரிய இறக்கம் கிட்டவில்லை.

இவற்றிலிருந்து, அரிப்பு இந்தச் சீமையைத் தீண்டவில்லை என்று முடிவு செய்தால் அது பெரும் பிழையாகும். பந்தல்குடியில் சிமெண்டுக்காக வெட்டியெடுக்கப்படும் படிகச் சுண்ணாம்புக்கல், ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்பு, பூமியின் ஆழத்தில் அமிழ்ந்து வெந்து உருமாறியது. தென்மாவட்டங்களின் சார்னோக்கைட் போன்ற பாறைகளிலுள்ள கனிமங்களைக் கொண்டு கணக்கிட்டால், அவை 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உருவானவை என்று தெரிகிறது. அவை இன்று உழுநிலத்தில் தலைகாட்டுகின்றன என்றால், புவியசைவு அவற்றை மேலே தூக்கத் தூக்க, மேலிருந்த பாறைச் சுமையை மழையும் ஆறும் பல கோடி ஆண்டுகளாக அரித்து நீக்கியிருக்கின்றன என்று பொருள். கிராண்ட் கேன்யனின் ஆழத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட கனம் இங்கே களையப்பட்டிருக்கிறது. எத்தனையோ பள்ளத்தாக்குகள் தோன்றி, அகன்று, சுவர்கள் தேய்ந்து, தரையோடு தரையாகிவிட்ட பிறகு எஞ்சியதே இன்றைய சமவெளி. ஆங்காங்கே நிற்கும் சிறு கரடுகள், தேயாமல் தங்கிய கடைசித் துண்டுகள்.

இன்றும் அரிப்பு நடக்கிறது, ஆழத்தில் அல்ல, பரப்பில். உழவு முடிந்து பயிர் மூடாமல் கிடக்கும் கரிசல் காட்டில் முதல் பெருமழை இறங்கும்போது, துளிகளின் அடியில் மண்கட்டி உடைந்து, நுண்துகள்கள் நீரோடு மெல்லிய படலமாக நகர்ந்து போகின்றன. இதைப் படல அரிப்பு என்பர். ஆய்வாளர்கள் துருவ நாராயணா, ராம்பாபு ஆகியோர் 1983இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் சராசரியாக ஒரு ஹெக்டேரிலிருந்து ஆண்டுக்கு 16 டன்னுக்குச் சற்று மேற்பட்ட மண் பெயர்கிறது. ஒரு கனமீட்டர் மண்ணுக்கு 1.3 டன் எடை என்று கொண்டால், அது ஏறத்தாழ 1.25 மில்லிமீட்டர் கனமுள்ள மேல்மண். அதாவது கொலராடோ ஆறு பாறையில் இறங்கிய சராசரி வேகத்தைப்போல் நான்கு மடங்கு. பாறையையும் மண்ணையும் ஒரே தட்டில் வைக்கலாகாது என்பதும், இது நாட்டின் சராசரியே தவிர அருப்புக்கோட்டை வட்டத்தின் அளவு அன்று என்பதும் உண்மைதான். ஆயினும் கண்ணுக்குப் புலப்படாத இந்த இழப்பின் வேகத்தை உணர இந்த ஒப்பீடு உதவுகிறது. ஒரு சென்டிமீட்டர் மண் இயற்கையாக உருவாகச் சில நூற்றாண்டுகள் வேண்டும்.

அதே மதிப்பீட்டின்படி, பெயரும் மண்ணில் 29 விழுக்காடு கடலுக்குப் போகிறது, 10 விழுக்காடு நீர்த்தேக்கங்களில் படிகிறது, எஞ்சிய பெரும்பகுதி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாறிக் கிடக்கிறது. இந்தச் சீமையில் அவ்வாறு மாறும் மண் தங்குமிடம் கண்மாய். வரத்துக்கால் வழியே கலங்கலாக வந்த நீர் கண்மாய்க்குள் தேங்கி நிற்கும்போது வண்டல் அடியில் படிகிறது. கோடையில் அதை வெட்டி, கரம்பை அடிப்பது என்ற பெயரில் காட்டுக்கே கொண்டுபோய்ப் பரப்பும் வழக்கம், மழை கீழே இறக்கிய மேல்மண்ணை மனிதர் மேலே ஏற்றும் வேலையாகும். நிலவியல் நோக்கில் அதைவிட முக்கியமான பணி ஒன்றையும் கண்மாய் செய்கிறது. கண்மாயின் மிகுநீர் வழிந்து வெளியேறும் கலுங்கின் மட்டம், அதற்கு மேலுள்ள ஓடைகள் அனைத்துக்கும் தற்காலிக அடிமட்டம். அது நிலையாக இருக்கும்வரை ஓடைகள் ஆழமாகாமல் அடங்கியிருக்கும். ஒன்றன் மறுகால் அடுத்ததற்கு வரத்தாகும்படி கண்மாய்களைத் தொடராக அமைத்த முன்னோர், பவலின் நூலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஆற்றின் சரிவைப் படிப்படியாக உடைத்து, அதன் வெட்டும் வலிமையைக் கட்டுப்படுத்தியிருந்தனர்.

அந்த மட்டம் தாழ்ந்தால் நடப்பது, ஆழ்பள்ளத்தாக்கு பிறக்கும் அதே முறைதான். கரை உடைந்து கலுங்கு பயனிழந்தாலோ, ஆற்றுப் படுகையில் மணல் ஆழமாக அள்ளப்பட்டாலோ, வந்து சேரும் ஓடைக்குத் திடீரென ஓர் இறக்கம் கிடைக்கிறது. அந்த இறக்கத்தில் ஆளுயரத்துக்கும் குறைவான ஒரு சிறு அருவி உண்டாகி, ஒவ்வொரு மழைக்கும் அடிமண்ணைக் குடைந்து, மேல்மண் இடிந்து விழ, மேற்புறம் நோக்கி நகர்கிறது. பாறையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும் வேலை, கோடையில் வெடித்துப் பிளந்த கரிசலில் சில பருவங்களிலேயே முடிந்து, வரப்பையும் வண்டிப்பாதையையும் அறுத்துக்கொண்டு போய்விடுகிறது. அறுத்துவரும் ஓடையின் தலைப்பில் மட்டும் கல்லைக் கொட்டினால் அது நிற்பதில்லை, ஏனெனில் காரணம் கீழே இருக்கிறது. கலுங்கின் மட்டத்தை முதலில் மீட்டு, அதற்கு மேலே ஓடையின் குறுக்கே சிறு தடுப்பணைகளைப் படிப்படியாகக் கட்டி, ஒவ்வொன்றின் பின்னும் வண்டல் தேங்கிப் படுகை உயர இடம் விட்டால், ஓடை தன் பழைய சரிவுக்குத் திரும்பும்.