வீடு தேடி வரும் வெண்கோல் (தொடர் – 9)

“இனிச் செய்ய ஒன்றுமில்லை” என்று கண் மருத்துவர் சொல்லும் நாளில்தான் மறுவாழ்வுப் பணி தொடங்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் அன்றோடு எல்லாம் நின்றுபோகிறது. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கண்நீர் அழுத்த நோயாலோ சர்க்கரை நோயாலோ நடுவயதில் பார்வையை இழந்தவரை வீட்டார் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். சாப்பாடு கைக்கு வருகிறது. குளியலறைவரை ஓர் ஆள் கூடவே வருகிறார். எல்லாம் பாசத்தால் நடப்பதுதான். ஆனாலும் சில மாதங்களில் அவருடைய கைகால்களுக்குப் பழகிய வேலை மறந்துவிடுகிறது. சமூகம் சார்ந்த மறுவாழ்வுத் திட்டம் முதலில் எதிர்கொள்வது பார்வைக் குறைவை அல்ல, இந்த நாற்காலியை.

பார்வை தெரியவில்லை என்று சொல்பவர் எல்லோருக்கும் மறுவாழ்வுப் பயிற்சி தேவைப்படாது. 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 50 வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குக் கண்புரையே காரணம். அறுவை சிகிச்சை செய்தால் பார்வை திரும்பக்கூடிய நிலை அது. ஆகவே களப்பணியாளரின் முதல் வேலை, குணமாகக்கூடியவரையும் ஆகாதவரையும் பிரித்தறிந்து, முதல் வகையினரை மருத்துவமனைக்கு அனுப்புவது.

தென்மாவட்டங்களில் அந்த மருத்துவமனை பெரும்பாலும் அரவிந்த். எட்டயபுரம் அருகே அயன்வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். ஊர் ஊராக முகாம் நடத்தி நோயாளிகளை அழைத்துவந்து இலவசமாக அறுவை சிகிச்சை செய்வது அதன் வழி. இருந்தும், 1999-இல் வெளியான ஓர் ஆய்வு கசப்பான ஓர் உண்மையைச் சொன்னது: கண் சிகிச்சை தேவைப்பட்ட கிராமத்தினரில் ஏறத்தாழ 7 சதவீதம் பேர்தான் முகாம்களுக்கு வந்திருந்தார்கள். கூட வர ஆளில்லை, ஒரு நாள் கூலி போய்விடும், பஸ்ஸுக்குக் காசில்லை, வயதான காலத்தில் இது எதற்கு என்ற எண்ணம் வேறு. அதன்பின் 2004 முதல் சிற்றூர்களுக்கு அருகிலேயே நிரந்தரமான சிறு பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. அங்கிருந்தபடியே நோயாளி பெரிய மருத்துவமனையின் மருத்துவரோடு திரை வழியே பேசலாம். குணமாகும் கண்புரைக்கே இருக்குமிடம் தேடிப் போக வேண்டியிருக்கிறதென்றால், குணமாகாத பார்வையிழப்புக்கான பயிற்சியை எங்கோ ஒரு நகரத்தில் வைத்துக்கொண்டு ஆள் வருவார் என்று காத்திருப்பதில் பயனில்லை.

ஆனால் பயிற்சி நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி இப்பகுதியின் மூத்த நிறுவனம். 1960-களில் டாக்டர் வெங்கடசாமி, சர் ஜான் வில்சனின் ஊக்கத்தால் மதுரையில் பார்வையற்றோருக்கு மறுவாழ்வுப் பயிற்சி தொடங்கினார். வில்சன், சிறுவயதில் பள்ளி ஆய்வுக்கூட வெடிவிபத்தில் பார்வை இழந்தவர். இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை 1985-இல் மதுரையில் நிறுவிய எஸ்.எம்.ஏ. ஜின்னாவும் பார்வையற்றவரே. இவர்கள் உருவாக்கிய கல்வியால் எத்தனையோ பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் ஆனார்கள். அந்தப் பணிக்கு ஈடில்லை. ஆனால் நாற்பத்தைந்து வயதில் பார்வை போன ஒரு குடும்பத் தலைவி, வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு விடுதியில் மாதக்கணக்கில் தங்க முடியாது. தங்கிப் படித்தாலும், விடுதியின் சமதளமான தாழ்வாரத்தில் பழகிய நடை ஊர்த் தெருவின் திறந்த சாக்கடைக்கு உதவாது.

1970-களின் இறுதியில் உலகச் சுகாதார நிறுவனம் முன்வைத்த சமூகம் சார்ந்த மறுவாழ்வு என்னும் முறை இந்த இடைவெளிக்காகவே வந்தது. பயிற்சி பெற்ற களப்பணியாளர், முடிந்தவரை உள்ளூர்க்காரர், வாரத்துக்கு ஓரிரு முறை வீட்டுக்கு வருவார். அந்த வீட்டின் அடுப்படி, அந்த வீட்டுக் கிணற்றடி, அந்தத் தெருமுனைக் கடை, இவைதான் வகுப்பறை.

பாடம் வீட்டுக்குள்ளிருந்து தொடங்குகிறது. எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைப்பது என்பது முதல் ஒழுங்கு. அதைப் பயிற்சி பெறுபவரைவிட வீட்டில் மற்றவர்கள்தாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே அளவான டப்பாக்களில் துவரம்பருப்பு உள்ளதற்கு ஒரு ரப்பர் வளையம், உளுந்துக்கு இரண்டு. தட்டைக் கடிகார முகமாக எண்ணிக்கொண்டால், பொரியல் மூன்று மணிப் பக்கம், ஊறுகாய் பன்னிரண்டு மணிப் பக்கம் என்று தேடாமல் சாப்பிடலாம். சமையலில் காதும் மூக்கும் வேலை செய்கின்றன. கடுகு வெடித்து ஓயும் சத்தம் தாளிப்பின் அளவைச் சொல்லும். வறுபடும் மல்லியின் மணம் இறக்க வேண்டிய நேரத்தைச் சொல்லும். அடுப்பைப் பற்றவைக்குமுன் பாத்திரத்தை அதன்மேல் சரியாக வைத்துத் தடவிப் பார்த்துக்கொள்வது பாதுகாப்பான பழக்கம். பார்வையிழந்த பெண் மீண்டும் தன் கையால் சமைக்கும் நாளில் வீட்டில் அவருடைய சொல்லுக்குப் பழைய மதிப்பு திரும்புகிறது என்பதால், சமையலைச் சின்ன விஷயமாக ஒதுக்கிவிடக் கூடாது.

அடுத்தது நடை. இன்று உலகெங்கும் சொல்லித்தரப்படும் நீளக்கோல் முறை, இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த அமெரிக்க வீரர்களுக்காக 1944-இல் ரிச்சர்ட் ஹூவர் வகுத்தது. கோல் நெஞ்செலும்பு உயரம் இருக்க வேண்டும். இடக்கால் முன்னே போகும்போது கோல் நுனி வலப்பக்கம் தொட வேண்டும், வலக்கால் போகும்போது இடப்பக்கம். அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முந்திக்கொண்டு பார்த்துவிடும். அதன்பின் தெருவைப் படிக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடையின் சுண்டும் பால் வாசனை ஒரு கைகாட்டி. ஆண்டாள் கோயில் மணியோசை திசையைச் சொல்லும். ராஜபாளையத்தில் நூற்பாலையின் இரைச்சல் எந்தப் பக்கம் என்பது தெரிந்தால் பாதை தெரியும். வாசலில் நிறுத்திய இருசக்கர வண்டியும் மூடாத சாக்கடையும் எந்தப் பயிற்சியையும் தோற்கடித்துவிடுகின்றன. இவற்றைச் சரிசெய்வது நகராட்சியும் தெருக்காரர்களும் செய்ய வேண்டிய மறுவாழ்வுப் பணி.

பணத்தை ஏமாறாமல் கையாளுவது தனிப் பாடம். 100 ரூபாய்த் தாளின் இரு ஓரங்களிலும் மேடான சாய்கோடுகள் 4, 200 ரூபாயில் 4 கோடுகளோடு நடுவே இரண்டு வட்டங்கள், 500 ரூபாயில் 5 கோடுகள். தாள் பழசானால் மேடு தேய்ந்துவிடும். அதனால் தாளுக்கொரு மடிப்பு என்று பழக்குகிறார்கள். ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட ‘மணி’ செயலி தாளைப் படம்பிடித்து அதன் மதிப்பைச் சொல்லும். கைபேசியின் திரைவாசிப்பானைப் பயன்படுத்தத் தெரிந்துவிட்டால், கடிதம் படிக்கவும் பணம் அனுப்பவும் இன்னொருவரை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

சிறிதளவு பார்வை மிஞ்சியிருப்பவர்கள் பலர். அவர்களுக்குக் கோலைவிட நிறவேறுபாடும் வெளிச்சமும் அதிகம் உதவும். வெள்ளை இட்லிக்கு அடர்நிறத் தட்டு, படிக்கட்டின் விளிம்பில் ஒரு மஞ்சள் பட்டை, படிக்கும் இடத்தில் பின்பக்கத்திலிருந்து விழும் விளக்கொளி, கையில் ஓர் உருப்பெருக்கி. இருநூறு ரூபாய்க்குள் முடியும் மாற்றங்கள் பல.

சட்ட வழி உரிமைகளும் இதில் ஒரு பகுதி. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வையினருக்கும் உரியது. அதைப் பெற 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புக்குச் சான்று வேண்டும். ரயிலில் பார்வையற்றவருக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமே இல்லை. அடையாள அட்டைக்கான அலுவலகம் விருதுநகரில் இருக்கிறது. முதல் தடவை துணையோடு போக வேண்டிய இடம் அது; அந்தத் துணையாகக் களப்பணியாளர் போகிறார். உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு அரசு நடத்தும் ‘உரிமைகள்’ திட்டம் வீடுவீடாகக் கணக்கெடுத்து, ‘விழுதுகள்’ என்ற சேவை மையங்களை மக்களுக்கு அருகே கொண்டுவர முனைகிறது. வந்து சேரும் மையத்தில் நடைப்பயிற்சியும் அன்றாட வாழ்க்கைப் பயிற்சியும் தெரிந்தவர் இருக்கிறாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. உபகரணம் கொடுத்து அனுப்புவது மட்டும் போதாது. பயிற்சியில்லாத மடக்குக் குச்சி மூலையில்தான் கிடக்கும்.

வேலைவாய்ப்புக்கு இவ்வட்டாரத்தில் வழி இருக்கிறது. தேசியப் பார்வையற்றோர் சங்கம் குஜராத்தின் பன்சாவில் 1960-இல் தொடங்கிய பயிற்சிப் பண்ணை, பார்வையற்றவரால் உழவும் கால்நடை வளர்ப்பும் முடியும் என்று காட்டியது. பால்கோவாவுக்குப் பால் தரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் கறவை மாடு ஒரு வருமானம். சத்திரப்பட்டியின் மருத்துவத் துணித் தொழிலில் மடிப்பதும் கட்டுவதும் கைப்பழக்கத்தால் நடக்கும் வேலைகள். ஆலை உரிமையாளர்கள் ஒருவரைச் சோதனையாகச் சேர்த்துப் பார்க்கலாம்.

பார்வையிழந்த ஒருவருக்கு உதவ விரும்புவோர் அவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். தம் முழங்கையை நீட்டினால் போதும், அவர் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், நாளைக் காலைக் காப்பியை அவரே ஆற்றிக் குடிக்கட்டும். கொஞ்சம் சிந்தினாலும் யாரும் ஓடிவர வேண்டாம்.