விட்டுவிட்டு அறுபடும் இணைப்பு

லினக்ஸில் இயங்கும் பள்ளிச் சேவையகத்தின் இணைப்பு சில வினாடிகள் அறுபட்டு, பின் தானே மீள்கிறது. ஒப்படைக்க வேண்டிய செயல்திட்டக் கோப்போ பாதியிலேயே நின்றுபோகிறது. உடனே கம்பிவடத்தைக் குறைகூறுவது நம் வழக்கம்.

பிணைய அட்டை, தரவுகளை அனுப்பி முடித்ததும் இயங்குதளத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பொதுவாக 5 வினாடி கடந்தும் அட்டை பதிலின்றி முடங்கிக் கிடந்தால், காவலாளிபோல் கண்காணிக்கும் நிரல் அதை மீட்டமைக்கும். அச்சமயத்தில்தான் இணைப்பு அறுபடுகிறது. இது பதிவேட்டிலும் எழுதப்படும். கம்பிவடம் கழன்றிருந்தால் அங்கே வேறு செய்தி இருக்கும். ஆகவே, முதலில் பதிவேட்டைப் படிக்க வேண்டும்.

காலக்கெடு கடந்ததாக எழுதியிருந்தால், இயக்கி மென்பொருளைப் புதுப்பித்துச் சில நாள் கவனிக்கலாம். பயனில்லையெனில், அட்டையை வேறு செருகுவாய்க்கு மாற்றிப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டால், பழுது எங்கிருந்தது என்பது தெரியாமலே போய்விடும்.