டாக்குரியாவில் பிளாட் வாங்குவோர் கேட்க மறக்கும் தாள்

டாக்குரியா மேம்பாலத்திலிருந்து இறங்கி பாபுபாகான், செலிம்பூர் பக்கம் உள்ளே செல்லும் சந்துகளில், சிவப்பு சிமெண்டுத் தரையும் பச்சைப் பலகை ஜன்னல்களும் கொண்ட பழைய வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. அண்ணன் தம்பி பாகப் பிரிவினை, வெளிநாட்டில் குடியேறிவிட்ட பிள்ளைகள், ஒழுகும் மொட்டை மாடி, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் போதும். புரோமோட்டர் வாசலில் வந்து நிற்பார். பழைய வீடு இடிபடும், அந்த இடத்தில் நான்கைந்து மாடி எழும்பும். சில பிளாட்டுகள் வீட்டுக்காரரின் பங்கு, மற்றவை விற்பனைக்கு.

லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி அவென்யூ வட்டாரத்தில் நெடுங்காலம் வாடகைக்குக் குடியிருந்துவிட்டு, ஓய்வு பெறும் தறுவாயில் "இனி ஊருக்குப் போய் என்ன செய்வது? இங்கேயே இருந்துவிடலாம்" என்று முடிவு செய்யும் தமிழ்க் குடும்பங்கள் தேடுவதும் இத்தகைய பிளாட்டுகளைத்தான். ஏரி பக்கம், ரயில் நிலையம் பக்கம், தேங்காயும் கறிவேப்பிலையும் வாங்க லேக் மார்க்கெட்டும் தூரமில்லை. சதுர அடி என்ன விலை, லிப்ட் உண்டா, தெற்குக் காற்று வருமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். மாநகராட்சியின் நிறைவுச் சான்றிதழ், அதாவது கம்ப்ளீஷன் சர்டிபிகேட், எங்கே என்று கேட்பவர்கள் சிலரே. கேட்டாலும், "விண்ணப்பம் போட்டாயிற்று, வந்துவிடும்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வரிச் சலுகையில் பாதியும் வீட்டின் உத்தரவாதமும் அந்த ஒரு தாளைச் சுற்றித்தான் இருக்கின்றன.

அனுமதித்த வரைபடத்தின்படி கட்டிடம் முடிந்திருக்கிறது, குடியேறலாம் என்பதற்கு மாநகராட்சி தரும் சான்று அது. வரைபடத்தில் நான்கு மாடி, தரையில் ஐந்து மாடி என்றால் அது எளிதில் வராது. எனவே சான்றிதழ் ஏன் தாமதமாகிறது என்று விசாரித்தாலே கட்டிடத்தின் கதை பாதி வெளியே வந்துவிடும்.

முதலில் ஜி.எஸ்.டி. 2019 ஏப்ரல் முதல், கட்டிக்கொண்டிருக்கும் பிளாட்டுக்கு 5 சதவீதம் வரி. கல்கத்தா போன்ற பெருநகரில் 60 சதுர மீட்டர் கார்ப்பெட் பரப்புக்கும் 45 லட்ச ரூபாய்க்கும் உட்பட்ட வீடானால் 1 சதவீதம். நிறைவுச் சான்றிதழ் வந்த பிறகு முழு விலையையும் கொடுத்து வாங்கினால் இந்த வரி கிடையாது. 60 லட்ச ரூபாய் பிளாட்டில் இது 3 லட்ச ரூபாய் வித்தியாசம். ஆறு மாதம் பொறுத்தால் மிச்சமாகும் பணம் எவ்வளவு என்று முன்பணம் கொடுக்கும்போதே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்து வருமான வரி. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்ச ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். திருப்பிச் செலுத்தும் அசல், முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம் ஆகியவை ஆயுள் இன்சூரன்ஸ், சேமநிதி முதலியவற்றோடு சேர்ந்து 1.5 லட்ச ரூபாய் உச்சவரம்புக்குள் வரும். ஆனால் கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து 5 ஆண்டுகளுக்குள் வீடு கட்டி முடிந்திருக்க வேண்டும். தவறினால் 2 லட்சம் என்பது 30,000 ரூபாயாகச் சுருங்கிவிடும். புரோமோட்டரின் தாமதத்துக்கு வாங்கியவர் வரி கட்ட நேருகிறது. புதிய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு இந்தச் சலுகைகள் இல்லை; 2023-24 முதல் அதுவே இயல்பான முறை. வட்டிக்குக் கூடுதலாக 1.5 லட்சம் கழிக்கலாம் என்ற பழைய செய்தியை இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது 2022 மார்ச் 31 வரை அனுமதியான கடன்களுக்கு மட்டுமே உரியது. மேற்கு வங்க அரசு 2021ல் கொடுத்த 2 சதவீத முத்திரைக் கட்டணத் தள்ளுபடியும் 2024 ஜூன் இறுதியோடு நின்றுவிட்டது.

வீட்டை புரோமோட்டரிடம் ஒப்படைக்கும் பழைய சொந்தக்காரருக்கும் இந்தத் தாள்தான் முக்கியம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவுடனேயே மூலதன ஆதாய வரி விழுமா என்பது ஒரு காலத்தில் பெரும் வழக்காக இருந்தது. 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதற்கு வழி செய்தது. தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் பதிவு செய்த கூட்டுக் கட்டுமான ஒப்பந்தம் செய்துகொண்டால், நிறைவுச் சான்றிதழ் வழங்கப்படும் ஆண்டில் வரி கட்டினால் போதும். அவர் பங்குக்கு வரும் பிளாட்டுகளின் அன்றைய முத்திரை மதிப்பும், ரொக்கமாக வாங்கிய தொகையும் சேர்ந்து விற்பனை விலையாகக் கொள்ளப்படும்.

இதில் ஒரு பொறி உண்டு. பெண்ணின் கல்யாணம், வைத்தியச் செலவு என்று, சான்றிதழ் வருமுன்பே தம் பங்கு பிளாட்டுகளில் ஒன்றை விற்றுவிடுகிறார் வீட்டுக்காரர். அப்படி விற்றால் இந்தச் சலுகை போய்விடும். விற்ற ஆண்டிலேயே வரி. பதிவு செய்யாத வெறும் ஒப்பந்தத்துக்கும் சலுகை இல்லை. முத்திரைச் செலவை மிச்சப்படுத்தப் போய் வரியில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

சென்னையிலோ தஞ்சாவூரிலோ இருக்கும் வீட்டை விற்று அந்தப் பணத்தில் டாக்குரியாவில் வாங்குபவர்கள் கவனிக்கவேண்டிய கணக்கு வேறு. 2024 ஜூலை 23 முதல் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீதம் வரி. பணவீக்கக் குறியீட்டுச் சலுகை இல்லை. ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலம், கட்டிடத்துக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபரும் கூட்டுக் குடும்பமும் குறியீட்டோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, குறைந்ததைக் கட்டலாம். 2009-10ல் 25 லட்சத்துக்கு வாங்கிய பிளாட்டை 2025-26ல் 90 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொண்டால், புதுக் கணக்கில் வரி 8.12 லட்சத்துக்குச் சற்று மேல். பழைய கணக்கில் சுமார் 5.30 லட்சம். மேல்வரி தனி. அந்த ஆதாயத்தைக் கொண்டு இரண்டாண்டுக்குள் வேறு வீடு வாங்கினால், அல்லது மூன்றாண்டுக்குள் கட்டினால், வாங்கிய அளவுக்கு வரி விலக்கு உண்டு. கட்டிவரும் பிளாட்டை நம்பி இந்தச் சலுகையைக் கோருபவர், மூன்றாண்டில் வேலை முடியாவிட்டால் வரி அதிகாரியிடம் வாதாட வேண்டிவரும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்களை மனப்பாடமாக வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்கவும்: 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அமலாகும்படி நிறைவேறிய 2025ஆம் ஆண்டுச் சட்டம் அந்த எண்களை மாற்றிவிட்டது.

இனி உத்தரவாதம். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, சாவி ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ, வேலைத் தரத்திலோ, வசதிகளிலோ குறை தெரிந்தால், தெரிவித்த 30 நாளில் புரோமோட்டர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும், இல்லையேல் நஷ்டஈடு. நில உரிமையில் குறை இருந்து நஷ்டம் ஏற்பட்டால் அதற்கான கோரிக்கைக்குக் காலவரம்பே இல்லை. நாலைந்து வாரிசுகள் உள்ள பழைய வீட்டு மனைகளில் இது லேசான விஷயமல்ல.

இந்தப் பாதுகாப்பு மேற்கு வங்கத்துக்குச் சுற்றி வளைத்துத்தான் வந்தது. மத்தியச் சட்டத்தை ஏற்காமல் மாநிலம் 2017ல் 'ஹிரா' என்று தனிச் சட்டம் இயற்றியது. வீடு வாங்குவோரின் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 2021 மே 4ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பிறகே ரேரா விதிகளும் ஆணையமும் இங்கு வந்தன.

அப்படியும் டாக்குரியா சந்துகளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையிலோ, 8 பிளாட்டுகளுக்கு மேற்படாமலோ கட்டினால் பதிவு தேவையில்லை என்று மத்தியச் சட்டம் கோடு போட்டது. 720 சதுர அடி கொண்ட காட்டாக் கணக்கில் இது சுமார் ஏழரைக் காட்டா. மூன்று, நான்கு காட்டா மனைகள் நிறைந்த சந்துகளுக்கு இந்தக் கோடு மிக உயரம். அதைக் கீழே இறக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. எனவே முன்பணம் கொடுக்குமுன், அந்தக் கட்டிடம் மேற்கு வங்க ரேரா பட்டியலில் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேட்பது அவசியம்.

பட்டியலில் இல்லாதவர்களுக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கிறது. நிலத்தைக் கொடுத்த வீட்டுக்காரரும் நுகர்வோரே என்று 2008ல் டில்லி வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. மும்பையில் ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கத்துக்குக் கட்டுநர் குடியேற்றச் சான்று வாங்கித் தராததால், குடியிருந்தவர்கள் சொத்துவரியில் 25 சதவீதமும் தண்ணீர் வரியில் 50 சதவீதமும் அதிகம் கட்டிவந்தார்கள். அது தொடரும் தவறு, சேவைக் குறைபாடு என்று 2022 ஜனவரியில் தீர்ப்பாயிற்று.

ஐந்தாண்டு போதுமா என்பது வேறு கேள்வி. டாக்குரியாவிலிருந்து ரயிலில் இரண்டே நிலையம் தள்ளியிருக்கும் பாகாஜதீனில், 2025 ஜனவரியில், ஜாக்கி வைத்து நிமிர்த்த முயன்ற நான்கு மாடிக் கட்டிடம் ஒருபுறமாகச் சாய்ந்தது. குடியிருந்தோர் முன்பே வெளியேறியிருந்ததால் உயிர்ச்சேதமில்லை, வீடு போயிற்று. பிரிட்டனில் புதிய வீடுகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் உத்தரவாதம் 10 ஆண்டு. முதல் இரண்டாண்டு கட்டுநர் பொறுப்பு. பிறகு பெரும் பழுதுகளுக்கு இன்சூரன்ஸ். அமெரிக்காவில் பழைய வீட்டை விற்பவர்கூட, குழாய்க்கும் ஹீட்டருக்கும் ஓராண்டு பழுதுபார்ப்பு ஒப்பந்தம் எடுத்துத் தருவதுண்டு. இந்தியாவில் பழைய பிளாட் விற்பனையில் அந்த வழக்கம் இல்லை.

ஆயினும் ரேராவுக்கு உட்பட்ட பிளாட்டை ஐந்தாண்டு முடியுமுன் கைமாற்றி வாங்குபவரும் சட்டத்தின் கண்ணில் ஒதுக்கீடு பெற்றவரே. மீதமுள்ள ஆண்டுகளை அவர் கோரலாம். அதற்கு விற்பவரிடமிருந்து நிறைவுச் சான்றிதழின் நகலோடு, சாவி ஒப்படைத்த கடிதத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. விற்பவர்களில் ஒருவர் அமெரிக்காவில் குடியேறியவர் என்றால் அவர் பங்குக்கு இந்த 1 சதவீதக் கணக்கு பொருந்தாது. மூலதன ஆதாய விகிதத்தில் பிடிக்க வேண்டும். பிடிக்கத் தவறிய தொகைக்கு வருமான வரி இலாகாவின் நோட்டீஸ் வாங்கியவரின் புதிய விலாசத்துக்குத்தான் வரும்.