வாள் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

காஞ்சிபுரத்தின் தென்பகுதியில், பாலாற்றை அடுத்து அமைந்த ஓரிக்கை தறியோசை கேட்டு வளர்ந்த ஊர். தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்த கைகள், ஒரு சேலையின் ஜரிகை மின்னுகிறது என்பதற்காக அதை நம்பிவிடுவதில்லை. இழையை உரசிப் பார்க்கின்றன. மேலிருக்கும் பொன்முலாம் அகன்றால் வெள்ளி தெரிய வேண்டும். அதுவும் விலகினால் உள்ளே சிவப்புப் பட்டுநூல் தெரிய வேண்டும். காஞ்சியில் இயங்கும் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் தன் சரக்குக்கு வைத்துள்ள அளவில் வெள்ளி 40 விழுக்காடு, செம்பு 35.5, பட்டு 24, பொன் 0.5. கண்ணைப் பறிக்கும் பொன் அரை விழுக்காடே! சேலையின் தரத்தைத் தாங்குவது கண்ணுக்குத் தெரியாத மிச்சம்தான்.

ஜரிகைக்கு நாம் காட்டும் இந்த எச்சரிக்கையை, அதைவிடப் பன்மடங்கு ஆபத்தான ஒரு பொருளை வாங்கும்போதும் காட்ட வேண்டாமா? அப்பொருள் வாள்.

சிலம்பக் கலைக்கு அண்மைக் காலத்தில் புதிய மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. தமிழக அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் 2021ஆம் ஆண்டு சிலம்பமும் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. கம்பில் தொடங்கும் மாணவன் நாளடைவில் மான்கொம்பு, சுருள்வாள், வாள்வீச்சு என முன்னேறுகிறான். பின்னர் ஒருநாள், "காற்றை வெட்டியது போதும், ஒரு பொருளை வெட்டிப் பழக மெய்யான வாள் வேண்டும்" என்று வீட்டில் வந்து நிற்கிறான். அவனுக்கும் அவன் பெற்றோருக்குமே இக்கட்டுரை.

முஹன்னது எனும் பெயர்

வாள் நமக்கு அன்னியமான பொருளன்று. அரபு மொழியில் "முஹன்னது" என்றால் இந்திய உருக்கினால் ஆன வாள் என்று பொருள். இன்றும் அரபு நாடுகளில் பிள்ளைகளுக்கு அப்பெயரைச் சூட்டுகின்றனர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த தத்துவ அறிஞர் அல்-கிந்தீ, அப்பாஸிய கலீஃபா முஃதஸிமுக்காக வாள்களின் வகைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதில் எமன் நாட்டு வாள்களோடு ஹிந்த் நாட்டு வாள்களும், ஸரந்தீப் எனப்பட்ட இலங்கையின் உருக்கும் பேசப்படுகின்றன.

ஐரோப்பியர் "வூட்ஸ்" என்று அழைத்த அந்த உருக்கு தென்னகத்தில் மண் குகைகளில் காய்ச்சப்பட்டது. ஈரோட்டுப் பகுதியின் கொடுமணலிலும், பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவளூரிலும் அத்தொழிலின் தடயங்களை ஆய்வாளர்கள் கண்டெடுத்துள்ளனர். மின்சார ஆய்வுகளால் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே 1820 வாக்கில் இவ்வுருக்கின் இரகசியத்தை அறிய முயன்று சோதனைகள் நடத்தினார். டமாஸ்கஸ் வாள் என்று உலகம் வியந்த வாள்கள் பலவற்றின் மூலப்பொருள் இதுவே.

இதில் இன்று வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீரலை போன்ற கோடுகள் ஓடும் அலகைக் காட்டி "டமாஸ்கஸ்" என்று விற்பவை பெரும்பாலும் இருவகை எஃகை அடுக்கி ஒட்டவைத்து அடித்தவை. சில, அமிலத்தால் மேலே கோலம் வரைந்தவை மட்டுமே. கோட்டைப் பார்த்து விலை கொடுத்தல் கூடாது.

முதலில் சட்டம்

கடைக்குச் செல்லுமுன் காவல் நிலையத்திற்குச் செல்வதே முறை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் அமைந்த 2016ஆம் ஆண்டு விதிகள், 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உடைய அலகு கொண்ட கத்திகளையும் வாள்களையும் ஆயுதப் பட்டியலில் வைத்துள்ளன. வீட்டு வேலை, உழவு, தொழில் ஆகியவற்றுக்கென்றே செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. வாளுக்கு அவ்விலக்கு இல்லை. இத்தகைய ஆயுதங்களுக்கு உரிமம் தேவை என்று குறிப்பிட்ட பகுதிகளுக்கு அறிவிக்கும் அதிகாரத்தை அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு மத்திய அரசுக்கு அளிக்கிறது. ஆகவே நம் பகுதியின் நிலையை எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்வது கட்டாயம்.

2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை கொலைக் குற்றங்களைத் தடுக்கும் நடவடிக்கையாக ஆயுதங்களைத் தேடிப் பறிமுதல் செய்தது. அரிவாள், கத்தி செய்யும் பட்டறையாளர்களை அழைத்து, அறிமுகமில்லாதவர்களுக்கு விற்க வேண்டாம் என்றும், வாங்குவோர் விவரத்தைக் குறித்துக்கொள்ளுமாறும் அறிவுறுத்தியது. இரசீதின்றி, பெயரின்றி வாங்கும் வாள் இளைஞனின் எதிர்காலத்தையே வெட்டிவிடக்கூடும். பயிற்சிக்கூடத்தின் பெயரில், ஆசானின் பொறுப்பில் வாங்கி, அங்கேயே பூட்டி வைப்பதே எல்லா வகையிலும் சிறந்தது. பேருந்திலோ இருசக்கர வாகனத்திலோ வாளைக் கொண்டு திரிவது அறவே தகாது.

எதைப் பார்த்து வாங்குவது?

சுவரில் மாட்டும் வாளும் வெட்டும் வாளும் தோற்றத்தில் இரட்டையர், குணத்தில் அன்னியர். அலங்கார வாள் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகினால் ஆனது. சிறு கத்திக்கு அது ஏற்றதே. மூன்றடி வாளாக நீண்டு, விசையோடு மோதும்போது அது முறியக்கூடியது. முறிந்த துண்டு எவர் மீது பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதைவிட முக்கியமானது பிடிக்குள் மறைந்திருக்கும் காம்பு. அலகின் இரும்பே அகலம் குறையாமல் பிடிக்குள் நீண்டு, மறுமுனை வரை சென்று ஆணியாலோ முறுக்கியோ இறுக்கப்பட்டிருக்க வேண்டும். அலங்கார வாளில் மெல்லிய திருகாணிக் கம்பியொன்றை அலகின் அடியில் பற்றவைத்திருப்பார்கள். நாலு வீச்சில் பற்றவைப்பு விட்டு, அலகு பறந்துவிடும். "காம்பு எப்படி?" என்று கேளுங்கள். காட்டத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

மூன்றாவது தோய்ச்சல். தமிழகக் கொல்லர்கள் லாரியின் பட்டை ஸ்பிரிங்கைக் காய்ச்சி அடித்து அரிவாள் செய்வதை நாம் அறிவோம். சிவகங்கைச் சீமையின் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கே பெயர்பெற்ற ஊர். ஸ்பிரிங் எஃகு வளைந்து மீளும் இயல்புடையது. ஆதலால் வாளுக்கும் உகந்தது. ஏறத்தாழ 800 முதல் 850 டிகிரி வரை காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது கடினமாகும். ஆனால் அந்த நிலையில் கண்ணாடியைப் போல் நொறுங்கும். மீண்டும் இதமாகச் சூடேற்றி அக்கடினத்தைச் சற்றுத் தளர்த்தும்போதுதான் உறுதியும் வளைவும் ஒருங்கே அமைகின்றன. தேர்ந்த கொல்லரின் கைவண்ணம் இந்த இரண்டாம் சூட்டில்தான் இருக்கிறது.

வாங்குபவர் செய்யக்கூடிய சோதனைகள் எளியவை. அலகை முதுகுப்புறமாகக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கோணல் உண்டா என்று பாருங்கள். பக்கவாட்டில் மெல்ல வளைத்து விட்டால் நேராக மீள வேண்டும்; வளைந்தே நின்றால் தோய்ச்சல் போதவில்லை. பிடியை இறுகப் பற்றி அசைத்தால் சிறு ஆட்டமும் இருத்தல் ஆகாது. ஒரு கையால் வீசும் வாள் ஒரு கிலோவைச் சுற்றியே இருந்தால் போதும். கனமே பலம் என்று எண்ணி வாங்கியவன் மணிக்கட்டைக் கெடுத்துக்கொள்வான். பட்டறை அருகில் கிடைக்காதவர்கள், டேராடூனில் 1943 முதல் இயங்கும் விண்ட்லாஸ் போன்ற நிறுவனங்களின் வாள்களைக் கருதலாம். அங்கும் அலங்காரத்திற்கு உரியவை வேறு, பயன்பாட்டிற்கு உரியவை வேறு என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.

பாட்டனார் வாள்

சில இல்லங்களில் பழைய வாள் பரணில் இருக்கும். அதைத் தீட்டிப் பயிற்சிக்கு எடுக்கலாம் எனும் ஆசை இயல்பே. ஆயினும் அது கூடாது. பழைய இந்திய வாள்களில் காம்பைப் பிடிக்குள் அரக்கு ஊற்றிப் பொருத்தினர். நூறாண்டுக்குப் பின் அந்த அரக்கு காய்ந்து பொடிந்திருக்கும். மேலும் சாணைக்கல் ஒருமுறை உரசினால் பழைய உருக்கின் அலைக்கோலம் அழிந்துபோகும். நூறாண்டைக் கடந்த கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் பார்வைக்கும் உட்பட்டவை. பழையதைப் போற்றி வையுங்கள். பயிற்சிக்குப் புதியதை வாங்குங்கள்.

கூர் தீட்டும் முறை

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் சாணை பிடிப்பவரைத் தேடாத குர்பானி வீடு அரிது. அறுக்கும் பிராணிக்கு வேதனை நீளாதிருக்கக் கத்தியை நன்கு தீட்டிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். மழுங்கிய அலகே அதிகத் துன்பம் தரும் என்பது வாளுக்கும் பொருந்தும். மழுங்கிய வாள் வெட்டாமல் துள்ளித் திரும்பும், வீசுபவனையே காயப்படுத்தும்.

ஆனால் குர்பானிக் கத்தியைப் போல் வாளைத் தீட்டுவது தவறு. மெல்லிய கூர் மோதலில் மடிந்து பல் விழும். பக்கத்திற்கு 20 முதல் 25 பாகை வரையுள்ள சரிவு வாளுக்குப் போதுமானது. அளவறிய ஓர் எளிய வழி உண்டு. சதுர மூலையுள்ள காகிதத்தின் மூலையைப் பாதியாக மடித்தால் 45 பாகை. மறுபடியும் பாதியாக மடித்தால் 22½ பாகை. அந்த ஆப்பைக் கல்லின் மேல் வைத்து அலகை அதன் சாய்வுக்கு ஒப்ப நிறுத்தினால் கை தானே பழகிவிடும்.

சாணைச் சக்கரத்தில் கொடுப்பதாயின் நீர் ஊற்றிக்கொண்டே பிடிக்கச் சொல்லுங்கள். பொறி பறக்க அழுத்தினால் அலகின் ஓரம் நீலம் பாயும். நீலம் தெரிந்தால் சூடு 300 டிகிரியை எட்டிவிட்டது. கொல்லர் பாடுபட்டு ஏற்றிய தோய்ச்சல் அவ்விடத்தில் இறங்கிவிட்டது என்று பொருள். எனவே கையால் தீட்டுவதே நலம். வாளை மேசையில் கட்டையோடு இறுக்கிக் கட்டி, அலகை அசையாமல் வைத்து, கல்லையே அலகின் மேல் நகர்த்த வேண்டும். முதலில் சொரசொரப்பான கல். மறுபுறத்தில் நுண்ணிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும் வரை ஒரே பக்கம். பின்பு அடுத்த பக்கம். அதன்பின் நயமான கல். முடிவில் தோல் வாரில் கூருக்கு எதிர்த்திசையில் இழுத்துப் பிசிறை நீக்கவேண்டும். தாள் ஒன்றைக் கிழியாமல் அறுத்தால் கூர் வந்துவிட்டது. விரலால் சோதிக்க வேண்டாம்.

எதை வெட்டுவது?

ஜப்பானியர் கோரை போன்ற புல்லால் நெய்த பாயைச் சுருட்டி, நீரில் ஊறவைத்து, நிறுத்தி வைத்து வெட்டிப் பழகுகின்றனர். நம் நாட்டில் பாய்க்குப் பஞ்சமில்லை. பத்தமடைப் பாயை நெய்யும் கைகள் நம் சமூகத்துப் பெண்களின் கைகளே! அந்த நேர்த்தியான பாயை வெட்டச் சொல்லவில்லை. கிழிந்து ஒதுக்கிய சாதாரணக் கோரைப்பாய் போதும். இரவு முழுதும் ஊறவைத்துச் சுருட்டிக் கயிறு கட்டினால் நல்ல இலக்கு. குலை தள்ளி முடிந்த வாழைமரமும் உகந்ததே. காய்ந்த கட்டையும் மூங்கிலும் தொடக்கத்தில் வேண்டாம்.

வலிமையால் வெட்டு விழுவதில்லை. அலகு போகும் வழியும் கூர் நோக்கும் திசையும் ஒன்றாக இருந்தால் வாள் தானே நுழையும். சற்றே திரும்பினாலும் பாய் சரியும், அலகு வளையும். பாயில் விழுந்த வெட்டைப் பார்த்தே ஆசான் மாணவனின் தவற்றைச் சொல்லிவிடுவார். மரவாளில் ஓராண்டு, கூரற்ற வாளில் சில மாதம் என்று ஆசான் காலம் வகுத்தால் பொறுமையோடு ஏற்க வேண்டும்.

மேடையில் ஒருவரைப் படுக்கவைத்து, வயிற்றின் மேல் காய் வைத்து வெட்டும் வித்தைகளைப் பார்க்கிறோம். கைதட்டலுக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்கும் அச்செயலைப் பிள்ளைகள் ஒருபோதும் செய்தல் ஆகாது. வெட்டும் இடத்தைச் சுற்றிப் பத்தடிக்குள் எவரும் நிற்கலாகாது. ஈரக் கை, ஈரத் தரை, வெறுங்கால் மூன்றும் விலக்கப்பட வேண்டியவை. ஒவ்வொரு முறையும் எடுக்குமுன் பிடியை ஆட்டிப் பாருங்கள். முடிந்ததும் துடைத்து, எண்ணெய் பூசி, உறையிலிட்டுப் பூட்டுங்கள்.

உருவிய வாளைக் கைக்குக் கை மாற்றுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. அம்போடு கடைவீதியிலும் பள்ளிவாசலிலும் செல்வோர், அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் கற்பித்தார்கள். வாளோடு வாழ்ந்த ஒரு காலத்திலேயே இத்தனை எச்சரிக்கை என்றால், குழந்தைகள் ஓடியாடும் சிறு வீடுகளில் வாழும் நமக்கு எவ்வளவு எச்சரிக்கை தேவை!

ஆகவே பிள்ளைகளே, ஆசை கொள்ளுங்கள், அவசரம் வேண்டாம். முதலில் ஆசானிடம் கேளுங்கள். அடுத்துக் காவல் நிலையத்தில் கேளுங்கள். பிறகு கொல்லரிடம் கேளுங்கள். கடைக்குச் செல்வது கடைசி. பெற்றோரும் "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், இந்த மூன்று இடங்களுக்கும் பிள்ளையுடன் சென்று வாருங்கள். உடன் வந்த தகப்பனின் முன்னால் வாங்கிய வாள் தவறான கைக்குப் போவது அரிது.