இரு கம்பெனிகளின் சுங்கச் சாவடி

புதுச்சேரி நேரு வீதியில் மாலை வேளையில் செல்பவர்கள், கைபேசிக் கடைகள் தீபாலங்காரத்துடன் விளங்குவதைக் காணலாம். கண்ணாடிப் பெட்டிகளில் கம்பெனிப் பெயர்கள் பல. ஆனால் அவற்றை உள்ளிருந்து இயக்குபவை கூகிளின் ஆண்ட்ராய்டு, ஆப்பிளின் ஐ.ஓ.எஸ். என்ற இரண்டே. பெயர் பல, எஜமானர் இருவர். இது ஜனங்களுக்கு நன்மையா என்பதே கேள்வி.

‘கம்ப்யூட்டர் விஷயத்திலும் இப்படித்தானே நடந்தது?’ என்பார்கள் சிலர். 1981-ல் ஐ.பி.எம். வெளியிட்ட கம்ப்யூட்டருக்கு இயங்குதளம் அளித்த மைக்ரோஸாப்ட், பின்னர் அதையே மற்ற உற்பத்தியாளர்களுக்கும் விற்றது. 1984-ல் மாக்கின்டாஷைக் கொணர்ந்த ஆப்பிளோ, யந்திரத்தையும் அதன் இயங்குதளத்தையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. பலர் கூடி இழுத்த தேரே முந்தியது. 1997-ல் தள்ளாடி நின்ற ஆப்பிளில், போட்டிக்காரரான மைக்ரோஸாப்டே 15 கோடி டாலர் முதலீடு செய்தது.

2007-ல் ஐபோனும், மறு ஆண்டில் முதல் ஆண்ட்ராய்டு கைபேசியும் வந்தன. ஆப்பிள் பழைய வழியையே பற்றி நின்றது; கூகிள் பல உற்பத்தியாளர்களைத் துணை சேர்த்துக்கொண்டது. இம்முறை இருவருமே நிலைத்தனர். பிளாக்பெரி, சிம்பியன், மைக்ரோஸாப்டின் கைபேசித் தளம் ஆகியவையே மறைந்தன.

ஆயினும் இரண்டு போட்டிகளுக்கும் பெரியதொரு வித்தியாசம் உண்டு. கம்ப்யூட்டருக்கு எவர் எழுதிய மென்பொருளையும் எந்தக் கடையிலும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்; மைக்ரோஸாப்டின் அனுமதி வேண்டியதில்லை. கைபேசியில் அப்படியன்று. நம் நாட்டு ஐபோனுக்கு ஆப்பிளின் கடை ஒன்றே வாயில். ஆண்ட்ராய்டில் புறவாசல் உண்டெனினும் சாமானியர் அவ்வழி செல்வதில்லை. கடைக்குள் நடக்கும் மின்பொருள் விற்பனையில் நூற்றுக்கு 30 என்று பங்கு வாங்கினார்கள். சிறு வியாபாரிகளுக்குப் பின்னர் குறைத்தார்கள். குறைத்ததும் அவர்கள் தயவே.

1954 நவம்பர் 1-ந் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கைமாறும் வரை, இவ்வூர் எல்லையில் சுங்கச் சாவடிகள் இருந்தன. மூட்டையை அவிழ்த்துக் காட்டாமல் அப்பால் செல்ல முடியாது. அச்சாவடிகள் ஒழிந்தன. இன்று இவ்வூர் வாலிபர் ஒருவர் தமிழில் ஒரு செயலி எழுதினால், அடுத்த தெருவிலுள்ள அண்டை வீட்டாரிடம் சேர்ப்பதற்கும் கண்ணுக்குத் தெரியாத சாவடியைக் கடந்தாக வேண்டும்.

வஞ்சகச் செயலிகளைத் தடுக்கவே இந்த வாயில் என்கின்றன கம்பெனிகள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் காவல் வேறு, சுங்கம் வேறு. காவலுக்கு நிற்பவனே விலையில் பங்கு கேட்பதும், தன் சரக்கை முன்னே வைப்பதும் நியாயமாகா.

இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விஷயமாகக் கூகிளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது; ஆனால் பிறர் கடைகளுக்கும் கூகிள் தன் கடையில் இடமளிக்க வேண்டுமென்ற கட்டளையை நீக்கிவிட்டது. ஐரோப்பாவிலோ 2024-ல், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஆப்பிளே பிறர் கடைகளுக்கு வழிவிட்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

எதிரிகள் இருவர் போட்டியிடுவது மட்டுமே ஜனங்களுக்குச் சுதந்திரம் ஆகிவிடாது. அபராதம் கஜானாவைச் சேரும். வாயில் திறந்தால்தான் பலன் ஜனங்களைச் சேரும்.