பொத்தானுக்குப் பின்னால்

உங்கள் திறன்பேசியில் தொலைபேசி எண்களை அழுத்தும் பகுதியைத் திறந்து பாருங்கள். 1, 2, 3 ஆகிய எண்கள் மேல்வரிசையில் இருக்கும். அதே திறன்பேசியில் உள்ள கால்குலேட்டரையும் திறந்து பாருங்கள். அங்கே 7, 8, 9 மேலே இருக்கும். 1, 2, 3 கீழே இருக்கும். ஒரே கருவியில் ஏன் இந்த வேறுபாடு?

கால்குலேட்டர் பழைய கணக்கு இயந்திரங்களின் வரிசையைப் பின்பற்றியது. தொலைபேசியின் கதை வேறு. 1950களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கார்லின் என்னும் உளவியலாளரின் குழுவினர், எண்களைச் சுழற்றும் தொலைபேசிக்குப் பதிலாக அழுத்தும் தொலைபேசியை உருவாக்க முனைந்தனர். எண்களை வட்டமாகவும் நேர்வரிசையாகவும் இன்னும் பல விதமாகவும் அடுக்கிப் பலரிடம் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். எதில் வேகம் அதிகம், எதில் தவறு குறைவு, எது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். இப்படித் தேர்ந்தெடுத்த அமைப்பு 1963இல் பொதுமக்களுக்கு அறிமுகமானது. இன்றும் நம் விரல்கள் அதற்குத்தான் பழகியிருக்கின்றன.

கார்லின் குழுவினர் செய்தது போன்ற வேலையை இன்று செய்பவர்களைப் பயனர் அனுபவ வடிவமைப்பாளர்கள் என்கிறோம். 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த டோனல்ட் நார்மன் என்னும் அறிஞர், தம் பதவியின் பெயரிலேயே ‘பயனர் அனுபவம்’ என்பதைச் சேர்த்துக்கொண்ட பிறகு அச்சொல் உலகெங்கும் பரவியது. இதனுடன் சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு சொல் ‘பயனர் இடைமுகம்’. இரண்டும் ஒன்றல்ல.

சிங்கப்பூரில் சாலையைக் கடக்கும் சில இடங்களில், மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் உள்ள கருவியில் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். 2009இல் அறிமுகமான ‘கிரீன் மேன் பிளஸ்’ திட்டம் அது. அட்டையைத் தட்டினால், சாலையின் அகலத்திற்கு ஏற்பப் பச்சை விளக்கு 3 முதல் 13 வினாடிகள் வரை கூடுதலாக எரியும். அந்தக் கருவி, அதன்மேல் உள்ள படம், அது எழுப்பும் ஒலி ஆகியவை இடைமுகம். கைத்தடியுடன் நடக்கும் பாட்டி பதற்றமில்லாமல் மறுபக்கம் சென்று சேர்கிறாரே, அதுதான் அனுபவம். இடைமுகம் அழகாக இருந்தும் அனுபவம் மோசமாக அமைந்துவிடலாம். பல செயலிகளின் நிலை அதுதான்.

இத்துறையில் நுழைய விரும்புபவர்கள் முதலில் அறிய வேண்டிய நிகழ்வு, இரண்டாம் உலகப் போரின்போது நடந்தது. பி-17 ரகப் போர் விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே சேதமடைந்தன. இறக்கை மடிப்புகளை உள்ளிழுக்க வேண்டிய விமானிகள், தவறுதலாகச் சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டார்கள். விமானிகளின் கவனக்குறைவு என்று பழி சுமத்துவது எளிது. ஆனால், அல்ஃபோன்ஸ் சாப்பனிஸ் என்னும் உளவியலாளர் விமானி அறையை ஆராய்ந்தபோது, அந்த இரண்டு விசைகளும் ஒரே வடிவில் அருகருகே இருப்பதைக் கண்டார். களைப்போடு திரும்பிய விமானியின் கை எதைத் தொடும் என்று யாரால் சொல்ல முடியும்? சக்கரத்தை இயக்கும் விசையின் நுனியில் சிறிய ரப்பர் சக்கரத்தையும், மற்றொன்றில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தினார்கள். பார்க்காமலேயே தொட்டு அறிய முடிந்தது, குழப்பமும் நீங்கியது. இன்றைய பயணிகள் விமானங்களிலும் அந்த விசையின் பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது.

திரையின் முன் தடுமாறும் முதியவர் பெரும்பாலும், “எனக்கு இதெல்லாம் தெரியாது, மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றுதான் சொல்வார். நல்ல வடிவமைப்பாளர் அந்த இடத்தில் ஆறுதல் கூறிவிட்டு நகர மாட்டார்; அவருடைய விரல் எங்கே தயங்கியது என்று குறித்துக்கொள்வார். பலதுறை மருந்தகத்தில் பதிவு செய்யும் இயந்திரம் ஒருவருக்குப் புரியவில்லை என்றால், அவர் உதவிக்கு யாரையாவது தேட வேண்டும். தம் உடல்நிலையைப் பற்றிய விவரங்களை அந்நியர் முன் சொல்லவும் நேரலாம்.

ஆகவே, இவ்வேலையின் பெரும்பகுதி கணினியின் முன் நடப்பதில்லை. பயன்படுத்தப் போகிறவர்களிடம் பேச வேண்டும். பேச்சைவிட அவர்கள் செய்வதைப் பார்ப்பது முக்கியம். மனிதர்கள் சொல்வதும் செய்வதும் பல வேளைகளில் வேறுபடும். பிறகு தாளில் திரைகளை வரைந்து, அதையே செயலியாக எண்ணிப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். தாளைக் கிழித்துப் போட மனம் வலிக்காது. பல நாள் உழைத்து உருவாக்கிய திரையை மாற்ற மனம் வராது. ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்பது ஜேக்கப் நீல்சன் என்னும் வல்லுநரின் கணிப்பு. ஃபிக்மா போன்ற மென்பொருள்களுக்கான வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது. அவற்றைச் சில வாரங்களில் பழகிக்கொள்ளலாம்.

பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இதற்கான படிப்புகள் உள்ளன. ஓவியத் திறன் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. சேர்க்கைக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்கும்போது உங்கள் படைப்புத் தொகுப்பைக் கேட்பார்கள். முடிவான திரைகளை மட்டும் அதில் அடுக்காமல், தோற்றுப்போன வரைவுகளையும் அவை ஏன் தோற்றன என்பதையும் சேர்த்து வையுங்கள்.

இங்கே தமிழ் மாணவர்களுக்கென்று தனியாக ஒரு வேலை காத்திருக்கிறது. நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில், ஒரே பொத்தானில் நான்கு மொழிச் சொற்களும் பொருந்த வேண்டும். ஆங்கிலத்தில் ‘சப்மிட்’ என்பதற்கு ஆறு எழுத்துகள். சீனத்தில் இரண்டே எழுத்துகள். தமிழில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று எழுதினால் ஒன்பது எழுத்துகள். ஆங்கிலத்தை அளவாக வைத்து வரைந்த பொத்தானில் அந்தச் சொல் பாதியில் வெட்டுப்படும் அல்லது படிக்க முடியாத அளவுக்குச் சிறிதாகும். ‘அனுப்பு’ என்றால் நான்கு எழுத்துகளில் முடிந்துவிடும். ஆனால், வயதில் மூத்தவருக்கு அது கட்டளையாக ஒலிக்குமா? ‘அனுப்புங்கள்’ என்று மரியாதையாக எழுதினால் ஏழு எழுத்துகள். இந்த மூன்றில் எது பொருத்தமானது என்பதைத் தமிழ் அறியாத வடிவமைப்பாளரால் கண்டுபிடிக்க இயலாது. தமிழ் அறிந்தவரும் தாமாக முடிவு செய்துவிடாமல், மூன்றையும் தனித்தனித் தாள்களில் எழுதிக்கொண்டுபோய் ஐந்து தாத்தா பாட்டிகளிடம் காட்ட வேண்டும்.