ஒரே எழுத்தாளருக்கு ஐந்து பெயர்களா? மின்நூல்களை ஒழுங்குபடுத்த காலிபர்

மின்நூல்களை டவுன்லோடு செய்வது எளிது. தேவைப்படும்போது தேடி எடுப்பதுதான் கடினம். என் ஹார்ட் டிஸ்க்கில் 600-க்கும் மேற்பட்ட மின்நூல்கள் உள்ளன. அவற்றில் உ.வே.சா., உ.வே.சாமிநாதையர், உ. வே. சாமிநாத ஐயர் என்று ஒருவரே பல பெயர்களில் இருந்தார். பிடிஎப் பைல்கள் சிலவற்றில் ஆசிரியர் பெயருக்குப் பதில் டைப் செய்தவரின் பெயர் இருந்தது. பழைய எழுத்துரு முறையில் தயாரான பைல்களில் தலைப்பே புரியாத குறிகளாகத் தெரிந்தது. கண் பார்வை குறைந்த என் அப்பா டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர். அவருக்கு வேண்டிய நூலை அவரே எடுக்க முடியவில்லை. அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

இதற்கு நான் பயன்படுத்துவது காலிபர் என்னும் இலவச சாப்ட்வேர். 2006-இல் கோவித் கோயல் இதை உருவாக்கத் தொடங்கினார். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும்.

முதலில் எல்லா நூல்களையும் ஒரு பென் டிரைவில் காப்பி செய்து வையுங்கள். பிறகு 'ஆட் புக்ஸ்' மூலம் நூல்களைச் சேருங்கள். காலிபர் தன் லைப்ரரி போல்டரில் தனிப் பிரதி எடுத்துக்கொள்ளும். அந்தப் போல்டரில் தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் தெரியும், கவலை வேண்டாம். ஆனால் அங்கே நேரடியாகப் பெயரை மாற்றாதீர்கள். மாற்றினால் காலிபரால் நூலைக் கண்டுபிடிக்க முடியாது.

பெயர்களை ஒன்றாக்குதல்

இடப்பக்க 'டேக் பிரவுசர்' பகுதியில் ஆசிரியர் பட்டியலை விரியுங்கள். தவறான பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து 'ரீநேம்' மூலம் சரியான பெயரைக் கொடுங்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் நூல்கள் அனைத்தும் அதன் கீழ் வந்துவிடும்.

எந்தப் பெயரை வைப்பது? அட்டையில் வாசகர் அறிந்த பெயரையே வைத்தேன். ரா. கிருஷ்ணமூர்த்தி வேண்டாம், கல்கி போதும். சொ. விருத்தாசலம் வேண்டாம், புதுமைப்பித்தன் போதும்.

இனிஷியலுக்கும் பெயருக்கும் இடையே ஒரு ஸ்பேஸ் விடுங்கள். காலிபர் கடைசிச் சொல்லை முன்னே வைத்து வரிசைப்படுத்தும். 'உ.வே. சாமிநாதையர்' என்றால் 'சா' வரிசையில் வரும். ஸ்பேஸ் இல்லாவிட்டால் 'உ' வரிசைக்குப் போய்விடும். இருவர் எழுதிய நூலுக்குப் பெயர்களின் நடுவே & குறி இடுங்கள்.

பாகங்களுக்கு எண்

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள் கொண்டது. அகர வரிசையில் 'சுழற்காற்று' முன்னாலும் 'புது வெள்ளம்' பின்னாலும் வந்து குழப்பும். 'எடிட் மெட்டாடேட்டா' திறந்து, 'சீரிஸ்' கட்டத்தில் நாவலின் பெயரையும் அருகில் 1 முதல் 5 வரை எண்ணையும் கொடுங்கள். அப்பா இப்போது மூன்றாம் பாகம் எது என்று என்னைக் கேட்பதில்லை.

அழிக்கும் முன்

ஒரே தலைப்பில் இரண்டு பைல்கள் இருந்தால் உடனே ஒன்றை அழிக்காதீர்கள். இரண்டையும் திறந்து கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். எனக்குக் கிடைத்த சிலவற்றில் ஒரு பிரதி பாதியில் நின்றிருந்தது.

இணையத்திலிருந்து விவரங்களைத் தானே எடுத்துவரும் வசதியும் உண்டு. என் தமிழ் நூல்களுக்கு அது பெரும்பாலும் பயன்படவில்லை. கையால்தான் டைப் செய்தேன். தினம் இருபது நூல்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் 600 நூல்களை முடித்துவிடலாம். வேலை முடிந்ததும் 'சேவ் டு டிஸ்க்' கொடுங்கள். திருத்திய விவரங்களோடு தனிப் பிரதி கிடைக்கும்.